அடைப்புக்குறிக்குள் இருப்பது

சுங்கை சிப்புட்
15 அக்டோபர் 2024

மகள் கௌசிகாவுக்கு அப்பா எழுதுவது.

முதல்ல என் மானம் போன கதையச் சொல்லிடுறேன். வேற யார் வாயாலயாவது நீ கேட்டா இன்னும் கேவலமா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை ஈப்போவுல தலைவர் சிவபிரகாசம் வீட்டுல நம்ம டயாலிசிஸ் நிலையத்துச் செயற்குழுக் கூட்டம். வாரம் மூணு நாள் உங்கம்மாவ மெஷின்ல உக்கார வச்சிட்டு, நாலு மணி நேரம் நாற்காலியத் தேய்ச்சிக்கிட்டு இருக்கிற என்னப் பாத்து, 'பழைய எஸ்டேட் கிராணிதானே, கணக்கெழுதுனவன்தானே, சும்மாதானே இருக்கான்'னு பொருளாளர் வேலையத் தலைல கட்டுனாங்களே, அந்தக் கூட்டம்தான். நீ போட்டுக் குடுத்த கணக்கு சாஃப்ட்வேர்ல பட்ஜெட் ஒப்பீட்டு ரிப்போர்ட் அச்சடிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். எழுந்து நின்னு, கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு, நெசச் செலவு இவ்வளவு, பட்ஜெட் இவ்வளவுன்னு கணீர்னு வாசிச்சேன்.

வித்தியாசம்னு கடைசில ஒரு பத்தி இருக்கே, அதுல பாதி நம்பர் அடைப்புக்குறிக்குள்ள இருந்துச்சு. நான் படிச்ச மூணாம் பாரத்துப் படிப்புல, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது சும்மா விளக்கம். சத்தமா வாசிக்கிறப்ப அத விட்டுடணும்னு வாத்தியார் காதத் திருகிச் சொல்லிக் குடுத்திருக்கார். விட்டுட்டேன். பக்கம் பூரா விட்டுட்டேன்.

"நன்கொடையில வித்தியாசம் எவ்வளவு தம்பிமுத்து?"ன்னு தலைவர் கேட்டார்.

"அது அடைப்புக்குறிக்குள்ள இருக்கு அண்ணே."

"அதனால?"

"அதனால முக்கியமில்ல அண்ணே."

மனுசன் கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சார். "அதுதானய்யா பத்தொம்பதாயிரம் துண்டு"ன்னார். பக்கத்து அறைல டீ ஊத்திக்கிட்டு இருந்த அவர் சம்சாரம் கூட சிரிச்சிட்டாங்க.

அந்த அடைப்புக்குறிக்கு என்னதான் அர்த்தம்னு எழுது. ஃபோன்ல வேணாம். உங்கம்மா பக்கத்துல இருந்துக்கிட்டு ஸ்பீக்கரப் போடுங்கம்பா. போட்டா நீ வாய மூடிக்குவ. அப்புறம் நான் ரெண்டு பக்கமும் மத்தளம். அதனால நான் கையால எழுதி ஃபோட்டோ புடிச்சு அனுப்புறேன். நீ டைப் அடிச்சு அனுப்பு, நிலையத்துல அச்சடிச்சுக்கறேன். செலவு நிலையத்தோடது இல்ல, காகிதம் என்னோடது.

அப்பா


பெர்த்
18 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பா,

அடைப்புக்குறி என்றால் கழித்தல். அவ்வளவுதான். அந்தப் பத்தி, நடந்ததிலிருந்து பட்ஜெட்டைக் கழித்துக் காட்டுகிறது. வரவு அடைப்புக்குறிக்குள் வந்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து வந்திருக்கிறது. அது கெட்டது, சிவப்பில் வரும். செலவு அடைப்புக்குறிக்குள் வந்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகச் செலவாகியிருக்கிறது. அது நல்லது, பச்சையில் வரும். நீங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சடித்ததால் தெரியவில்லை.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நன்கொடையாளர் என்று தலைவர் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னீர்கள். அதற்கு இந்தப் பொது ரிப்போர்ட் போதாது. நேற்று நான் இங்கிருந்தே சாஃப்ட்வேருக்குள் போய் ஒரு தனி ரிப்போர்ட் அமைத்து வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு நோயாளியின் பெயரும் ஒரு வரி. அவர் பெயருக்கு நேராக பட்ஜெட், நடந்தது, வித்தியாசம். உங்கள் பெயரைக் கொண்டு திறந்தால் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பட்ஜெட் என்பது ஆசை இல்லை. நடக்கும் என்று நீங்கள் உண்மையில் நினைப்பதைத்தான் போடவேண்டும். ஆசையைப் போட்டால் அந்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. இங்கே என்னிடம் கணக்குப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது.

அம்மாவுக்குக் கையில் ஊசி போடும் இடம் அடைத்துக்கொண்டது என்று சொன்னீர்களே, சரியாகிவிட்டதா?

கௌசிகா


சுங்கை சிப்புட்
12 நவம்பர் 2024

கௌசி,

உன் ரிப்போர்ட்டத் திறந்தேன். நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கறதுதான் சுசா, தொல்லை.

லாரி ஓட்டிக்கிட்டு இருந்தானே அப்பாவு, ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்திக்கிட்டுப் போவானே, அவன் ஆகஸ்ட் கடைசில போயிட்டான்னு சொல்லியிருந்தேன். அவன் பேரு வரிசைல இன்னும் இருக்கு. ஒருத்தருக்கு ஒரு மாசம் பதிமூணு தடவ, தடவைக்குத் தொண்ணூறு ரிங்கிட் நம்ம நிலையம் போடுது. ரெண்டு மாசமா அவன் வரல. அதனால ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது, அடைப்புக்குறிக்குள்ள, பச்சப்பசேல்னு.

முந்தாநாள் கூட்டத்துல சுவத்துல மாட்டுன மாதிரி பெருசா காட்டுனோம். தலைவர் பாத்துட்டு, "பரவால்லயே தம்பிமுத்து, இந்தத் தடவ ஒரு பச்சை தெரியுதுலா"ன்னார்.

"அது அப்பாவு அண்ணே"ன்னேன்.

கைல இருந்த பேனாவ மூடி வச்சார். அப்புறம் "சரி, அடுத்தது"ன்னார். அவரத் தப்பு சொல்ல முடியாது. அப்பாவு பேருக்குக் காசு குடுத்த கம்பெனிக்காரன் மிச்சத்த என்ன பண்ணீங்கன்னு கடுதாசி போட்டிருக்கான், அவருக்குப் பதில் சொல்லணும்.

எஸ்டேட்ல நான் ஆள் பேர் பதியற செக்ரோல் எழுதுன காலத்துல, ஆள் செத்துட்டா பேரு மேல சிவப்பு மையால ஒரு கோடு அடிப்போம். பாக்கறவன் கண்ணு அங்க நிக்கும். நிக்கணும். இந்தப் பச்சை எனக்குப் பழகல. கலர மாத்த முடியுமா?

உங்கம்மாவுக்குக் கையில இனி முடியாதுன்னு கழுத்துல குழாய் வச்சிட்டாங்க. நெஞ்சும் கொஞ்சம் சோர்வா இருக்காம். இந்த மாசம் இருபத்தேழாந் தேதி ஈப்போவுல டாக்டரப் பாக்கணும். கழுத்துல குழாயோட கண்ணாடில பாத்துட்டு, "நல்ல நாள்ல ஒரு சங்கிலி வாங்கித் தரல, இப்ப தொங்குது பாருங்க"ங்கறா. நான் எழுதறது அவளுக்குத் தெரியும். யாருக்குன்னு கேக்க மாட்டா. "தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்க"ன்னு சுவத்தப் பாத்துச் சொல்லுவா.

2022-ல அவ உன்னச் சொன்னது வேணும்னே சொன்னதுதான். அது உனக்கும் தெரியும்.

அடுத்த வருச பட்ஜெட்ட இந்த மாசக் கடைசிக்குள்ள ஏத்தணுமாம். எப்படி?

அப்பா


பெர்த்
17 நவம்பர் 2024

அன்புள்ள அப்பா,

கலரை மாற்றலாம், மாற்றியிருக்கிறேன். இனி எல்லாம் கறுப்பு. அடைப்புக்குறியை எடுக்க முடியாது.

2025 பட்ஜெட்: 'புதிய பட்ஜெட்' என்பதை அழுத்துங்கள். போன வருடம் நடந்ததை அப்படியே காப்பி பண்ணட்டுமா என்று கேட்கும். வாடகை, கரண்டு, தண்ணீருக்கு மட்டும் சரி என்று சொல்லுங்கள். நோயாளிகள் வரிசைக்குச் சொல்லாதீர்கள். காப்பி பண்ணினால் அப்பாவு பெயருக்கும் எட்டு மாதம் போய் உட்காரும். நிலையத்து நர்ஸ் கலாதேவி சிஸ்டரிடம் ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டு, எத்தனை மாதம் என்று நீங்களே அடியுங்கள். கஷ்டம்தான், தெரியும். ஆனால் நன்கொடை கொடுப்பவர்களிடம் பொய் சொல்லக் கூடாது.

வேணும்னே சொன்னார்கள் என்பது தெரியும் அப்பா. என் சிறுநீரகம் பொருந்துகிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று, வார்டில், உங்கள் மாப்பிள்ளை ரதீசனும் அவர் அம்மாவும் நிற்கும்போது, "உன் சதைய வச்சுத்தான் நான் உசுரோட இருக்கணுமா, உன்கிட்டயிருந்து எனக்கு ஒண்ணும் வேணாம், போ" என்றார்கள். கைக்குழந்தைக்காரி அறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்னார்கள். எல்லாரும் எனக்கு விளக்கிவிட்டார்கள். ரதீசன் விளக்கினார், நீங்கள் விளக்கினீர்கள். சொன்னவர்கள் மட்டும் விளக்கவில்லை. "வா" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வருகிறேன்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். தயவுசெய்து விளையாட்டாக எழுதாதீர்கள். உங்கள் பேச்சில் எது உண்மை, எது சிரிப்பு என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிரிக்கத் தெரியாது. எனக்கு எண்ணாகச் சொல்லுங்கள்.

கௌசிகா


சுங்கை சிப்புட்
3 டிசம்பர் 2024

கௌசி,

பட்ஜெட்ட ஏத்திட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல சிறப்பு ஷிப்ட் வச்சிருந்தாங்க, அங்கயே உக்காந்து முடிச்சேன்.

மலாய்ல பட்ஜெட்டுக்கு பெலாஞ்சாவான்னு பேரு. பெலாஞ்சான்னா நம்ம ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் டீ வாங்கிக் குடுக்கறது. அந்த மாதிரி நானும் கலாதேவி சிஸ்டரும் உக்காந்துக்கிட்டு, யாருக்கு எத்தன மாசம் பெலாஞ்சா பண்ணலாம்னு பாத்தோம். சிஸ்டர் ஒவ்வொரு பேருக்கும் விரலக் காட்டுவாங்க, வாயத் திறக்க மாட்டாங்க. பத்து விரலுக்கு மேல வேணும்னா தலைய ஆட்டுவாங்க. மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காதுதான், இருந்தாலும்.

சின்னையாவுக்கு நாலு விரல். அவன் எனக்கு எதிர் நாற்காலில பிஸ்கட்ட டீல தொட்டுத் தின்னுக்கிட்டு இருக்கான். நான் நாலு மாசத்த அடிக்கிறேன். "கிராணியாரே, என்ன தட்டுறீங்க?"ங்கறான். "கணக்கு சின்னையா." "எஸ்டேட்ல எனக்கு எப்பவும் அரை நாள் பேருதான் போடுவீங்க, இங்கயாவது முழுசாப் போடுங்க." சிரிச்சேன். சிரிக்கறதத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்.

உன் பேச்சக் கேட்டு எல்லாருக்கும் உள்ளதத்தான் போட்டிருக்கேன். நீயே திறந்து பாத்துக்க.

ஈப்போ டாக்டரப் பாத்தோம். சின்னப் பொண்ணு, நல்லாப் பேசுது. உங்கம்மாவ வெளிய உக்கார வச்சிட்டு என்ன மட்டும் கூப்பிட்டு விவரமாச் சொல்லுச்சு. உப்பக் குறைக்கணும், தண்ணிய அளந்து குடுக்கணும். வரும்போது உங்கம்மா, "அவ்வளவு நேரம் என்ன பேசுனீங்க, பொண்ணு பாக்கப் போன மாதிரி"ன்னா.

உனக்குக் கோபம் இருக்கட்டும். கோபத்தோடயே ஒரு நடை வந்துட்டுப் போகலாம்ல. கோபத்துக்குத் தனியா டிக்கெட் எடுக்கச் சொல்ல மாட்டாங்க.

அப்பா


பெர்த்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தின் ஃபோட்டோவில் கடைசி வரி தெரியவில்லை. கையெழுத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கட்டைவிரல் மறைத்துவிட்டது. என்ன அது?

பட்ஜெட்டைத் திறந்து பார்த்தேன். உங்களால் முடியாது என்றுதான் நினைத்தேன். சின்னையா அண்ணனுக்கு நாலு. இன்னொருவருக்கு ஏழு. யாருக்கும் நீங்கள் கூட்டிப் போடவில்லை. அதன் பிறகுதான் அம்மாவின் வரியைப் பார்க்கத் தைரியம் வந்தது. பதினாலாயிரத்து நாற்பது. பன்னிரண்டு மாதம்.

அப்பா, அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன். கழுத்தில் குழாய், நெஞ்சு சோர்வு என்று எழுதியதிலிருந்து நான் எத்தனையோ கற்பனை செய்துகொண்டிருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் உள்ளதைப் போட்டவர் அம்மாவுக்கு மட்டும் மாற்றியா போடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் வாயைவிட இந்தப் பத்தியை நான் நம்புகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'வா' என்று அம்மா சொல்லட்டும் என்பதை விட்டுவிடுகிறேன். நானே வருகிறேன். இங்கே கணக்கு வருடம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அதுவரை லீவு கேட்டால் வேலையே போய்விடும். ஜூலை ஆறாம் தேதிக்குக் குழந்தைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்று வாரம் இருப்பேன். சண்டை போட அவ்வளவு நாள் வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள்.

கௌசிகா


சுங்கை சிப்புட்
15 பிப்ரவரி 2025

கௌசி,

பதில் எழுத ரெண்டு மாசம் ஆயிடுச்சு. மூணு தடவ எழுதினேன், மூணையும் கிழிச்சேன். கையெழுத்து நல்லா வரல.

விரல் மறைச்ச வரி ஒண்ணுமில்ல. தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னா உங்கம்மா, அதான்.

ஜூலைன்னு சொன்னேன். "ஓ"ன்னா. அவ்வளவுதான். மறுநாள் பாத்தா ஃபோன எடுத்துக்கிட்டு வந்து, இதுல வேற ஊரு வெயில் பாக்க முடியுமாமே, எப்படின்னு கேட்டா. எந்த ஊருன்னேன். "ஏதோ ஒரு ஊரு." பெர்த்த வச்சுக் குடுத்தேன். இப்ப மெஷின்ல உக்காந்ததும் கலாதேவி சிஸ்டருக்குத் தவறாம செய்தி வாசிக்கறா. "அங்க இன்னிக்கு முப்பத்தொம்பது. புள்ளைக்குத் தலைவலி வரும்." சிஸ்டர் சுங்கை சிப்புட்ல மழையான்னு கேட்டா அவளுக்குத் தெரியாது.

இளைச்சிட்டா. தைப்பிங்ல உன் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகணும்னா, மாடிப்படி ஏற முடியாதுன்னு விட்டுட்டோம். ராத்திரில மூச்சு வாங்குது, தலகாணிய நாலு அடுக்கி வச்சுக்கறா.

ஏப்ரல்ல ஏதோ நாலு நாள் லீவு வருதாமே உங்க ஊர்ல. நாலு நாள்ல வந்துட்டுப் போறவங்கள்லாம் இருக்காங்க. சும்மா கேக்கறேன். உன் வேலை எனக்குத் தெரியாதா. வரமுடியலன்னா பரவால்ல.

அப்பா


பெர்த்
20 பிப்ரவரி 2025

அப்பா,

ஏப்ரல் நாலு நாள் ஈஸ்டர். அந்த நாலு நாளும் வேலைக்கு வரச் சொல்லி இப்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏதாவது அவசரமா? அவசரம் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறேன்.

நேற்று மறுபடி பட்ஜெட்டைத் திறந்தேன். அம்மா வரி அப்படியேதான் இருக்கிறது. அப்படியென்றால் ஜூலை.

இன்று இங்கே முப்பத்தாறு. தலைவலி இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கௌசிகா


சுங்கை சிப்புட்
6 மே 2025

கௌசி,

இன்னிக்கு ஒரு சந்தோசச் செய்தி. சின்னையா பட்ஜெட்டத் தாண்டிட்டான்.

நாலு மாசம் போட்டோமே, ஏப்ரலோட முடிஞ்சது. இன்னிக்கு மே ஆறு. காலைல ஏழு மணிக்கு பேரன் மோட்டார்சைக்கிள்ல பின்னால உக்காந்து, தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு வந்து இறங்குறான். ரிப்போர்ட்ல அவன் வரிய எடுத்துப் பாத்தேன். பட்ஜெட்டுக்கு மேல செலவு. அடைப்புக்குறி இல்ல. அவனுக்குக் காசு குடுக்கறவங்களுக்கு நான்தான் கடுதாசி எழுதணும், கூட வேணும்னு. என் வாழ்க்கைல கணக்கு உதைச்சதுக்கு நான் சந்தோசப்பட்டது இதான் முத தடவ. அவனுக்கு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் வாங்கிக் குடுத்தேன். "என்ன கிராணியாரே, சம்பளமா?"ன்னான்.

அதனால பாரு, விரல் காட்டறவங்களும் சமயத்துல தப்பாக் காட்டுறாங்க. படிச்சவங்க எல்லாருமே சமயத்துல தப்பாச் சொல்லலாம். அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

உங்கம்மா சேலை எடுத்து வச்சிட்டா, உன்னக் கூப்பிட ஏர்போர்ட்டுக்குக் கட்டிக்கிட்டு வர. கழுத்துக் குழாய் மறையற மாதிரி ரவிக்கை தைக்கச் சொல்லியிருக்கா. ஜூலை ஆறு என்ன கிழமைன்னு மூணு தடவ கேட்டுட்டா.

அப்பா


பெர்த்
13 ஜூலை 2025

அப்பா,

அம்மா போய் இன்றோடு ஒரு மாதம். நான் வந்தபோது அவர்களைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அந்த ரவிக்கையைத்தான் போட்டிருந்தார்கள். வீடு நிறைய சனம், உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது. ஐந்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று திரும்பிவிட்டேன். ஜூலை ஆறு டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது கேட்கிறேன்.

நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு எண்ணையும் அந்த சாஃப்ட்வேர் யார், எப்போது போட்டது என்று குறித்து வைக்கும். உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை, தேவைப்படாது என்று நினைத்தேன். நேற்று அதைத் திறந்தேன். டிசம்பர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.12-க்கு அம்மாவின் வரியில் 5,850 என்று அடித்திருக்கிறீர்கள். ஐந்து மாதம். 9.21-க்கு அதை அழித்துவிட்டு 14,040.

அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன நடந்தது அப்பா? ஐந்து என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த ஐந்து அங்கேயே இருந்திருந்தால் நான் ஜனவரியில் வந்திருப்பேன். வேலை போயிருக்கும், போகட்டும். அவசரமா என்று கேட்டேன். ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டேன். நீங்கள் சின்னையா அண்ணனைப் பற்றி எழுதினீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்து உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

கௌசிகா


சுங்கை சிப்புட்
5 ஆகஸ்ட் 2025

கௌசி,

செவ்வாய்க்கிழமை. பழக்கத்துல நிலையத்துக்கு வந்துட்டேன். உங்கம்மா நாற்காலில புதுசா ஒரு டீச்சரம்மா உக்காந்திருக்காங்க. எனக்கும் உக்கார இடம் குடுத்திருக்காங்க, பொருளாளர் இல்லையா.

முந்தாநாள் கூட்டம். ஜூலைக் கடைசி வரைக்கும் ஒப்பீடு. நின்னு வாசிச்சேன். அடைப்புக்குறியெல்லாம் இப்ப நல்லா வாசிக்கறேன். சின்னையா வரில இன்னும் அடைப்புக்குறி இல்ல, மாசாமாசம் கூடிக்கிட்டேதான் போறான். அடுத்து 'அம்பிகை', உங்கம்மா வரி. ஏழு மாசத்து பட்ஜெட் எட்டாயிரத்து நூத்துத் தொண்ணூறு, செலவு ஆறாயிரத்து முந்நூறு. அங்க நின்னுட்டேன். தலைவர் மெதுவா, "விட்டுட்டு அடுத்த வரிக்குப் போய்யா"ன்னார். அடைப்புக்குறிக்குள்ள ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறு அது. அடுத்த மாசம் மூவாயிரத்து அறுபது. அதுக்கடுத்த மாசம் இன்னும் கூடும். டிசம்பர் வரைக்கும் உங்கம்மா எங்களுக்கு மிச்சம் பிடிச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பா. உயிரோட இருந்தப்பயும் அவளுக்கு அதான் வேலை.

கூட்டம் முடிஞ்சு தலைவர் வாசல்ல கேட்டார், "எல்லாருக்கும் அளந்து போட்ட ஆளு, வீட்டுக்காரிக்கு மட்டும் எப்படிய்யா பன்னெண்டு?"

"தெரியாம காப்பி பட்டன அமுக்கிட்டேன் அண்ணே"ன்னேன். நம்பிட்டார். என்னப் பத்தி அவருக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை.

உனக்கு அந்த பட்டன் கதை ஆகாது. நேரத்தோட எழுதிட்ட.

ஒன்பது பன்னெண்டுக்கு அஞ்சு மாசத்த அடிச்சேன். உள்ளதப் போடணும்னு நீ சொன்னதுக்குத்தான் அடிச்சேன். நிமிந்து பாத்தா உங்கம்மா மெஷின்ல சாஞ்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா.

"என் பேரும் வருதா அதுல?"

"வருது."

"எனக்கு எவ்வளவு போட்டீங்க?"

நாப்பத்தோரு வருசம் அவகிட்ட நான் பொய் சொல்லி ஒரு தடவ கூடத் தப்பிச்சதில்ல. அன்னிக்கு, "வருசம் பூரா போட்டிருக்கேன், பின்ன?"ன்னேன். அவ என் முகத்த ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, "அப்ப சரி. புள்ளைய அவசரப்படுத்தாதீங்க. அவளுக்கு அங்க வேலை இருக்கும்"ன்னா.

மெஷின் முடிஞ்சு எழுந்து வந்தா என் பக்கம்தான் வருவா, திரையப் பாப்பா. கண்ணு நல்லாத் தெரியும் அவளுக்கு. அதனால அழிச்சேன். பன்னெண்டப் போட்டேன். அவ வந்தா. பாத்தா. தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு டீ கேட்டா.

சாயங்காலம் நீ திறந்து பாக்கறதுக்கு முன்ன மாத்திடணும்னு இருந்தேன். அப்புறம் நாளைக்குன்னு இருந்தேன். அப்புறம் உன் கடுதாசி வந்துடுச்சு, அழுதேன், அந்தப் பத்தியத்தான் நம்புறேன்னு. அதுக்கப்புறம் எந்தக் கையால மாத்தறது. உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஒரு நம்பர்லதான் தூக்கம் வந்துச்சு.

நீ கோபமா இரு. அத நான் குறைச்சுக் கேக்க மாட்டேன்.

அவ ஃபோன இன்னும் அணைக்கல. காலைல ஆறு மணிக்கு பெர்த் வெயில் சொல்லுது. இன்னிக்குப் பதினாறு டிகிரி, மழை. வெளிய போனா தலைல துணி போட்டுக்க.

டிசம்பர் மூணாந் தேதிக் கடுதாசில என் விரல் தெரியாம மறைச்சதில்ல. ஒரு வரி எழுதினேன். அழிக்க மனசு வரல, அனுப்பவும் மனசு வரல. கட்டைவிரல அது மேல வச்சு ஃபோட்டோ புடிச்சேன். அந்தக் காகிதம் இங்க ரசீதுப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கு. எண்ணெய் பத்தின வரி இல்ல அது. வாய்விட்டு நான் யாருக்கும் சொன்னதில்ல, உங்கம்மாவுக்கும் சொல்லல. நான் முன்ன வாசிக்காம விட்ட இடத்துல இப்ப அத எழுதிடுறேன்.

அப்பா

(மே தாண்டாதுன்னு டாக்டர் சொல்லுது. வா கௌசி.)